கிராக்: ஓர் அயர்லாந்துச் சொல்

கிராக் என்பது அயர்லாந்து மக்களின் அன்றாடப் பேச்சில் அரட்டை, கேளிக்கை, ஊர்ச்சேதி, நாலு பேர் கூடிய இடத்தில் தானாகக் கிளம்பும் குதூகலம் ஆகிய எல்லாவற்றுக்கும் வழங்கும் சொல். இன்று பெரும்பாலும் சி, ஆர், ஏ, ஐ, சி என்ற எழுத்துகளால் எழுதப்படுகிறது. ஆங்கிலப் பேச்சில் இதைச் சொல்லும்போது, விரிசலைக் குறிக்கும் 'கிராக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் ஒலியில் வேறுபாடு இல்லை. எழுத்தில் பார்த்தால் பழைய ஐரிஷ் சொல் போலத் தோன்றும். அயர்லாந்துக்காரர்களிலேயே பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். உண்மையில் இது வட இங்கிலாந்து வழக்கிலும் ஸ்காட்லாந்திலும் வளர்ந்து, கடல் தாண்டி அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டருக்கு வந்து, அங்கிருந்து ஐரிஷ் மொழிக்குள் புகுந்து, புது எழுத்துக்கூட்டலோடு மறுபடி ஆங்கிலத்துக்குத் திரும்பிய சொல்.

தமிழ்ப் பேச்சில் 'அவன் ஒரு கிராக்கு' என்றால் மூளை கலங்கியவன் என்று பொருள். அதுவும் இதே ஆங்கில வேரிலிருந்து வந்ததுதான், ஆனால் விரிசல் விட்ட மண்டை என்ற வழியில் போனது. அயர்லாந்துக் கிராக் வேறு கிளை. அதற்குத் தமிழில் ஒரே சொல்லாக ஈடு தேடினால் 'அரட்டை' ஓரளவு நெருங்கும். ஆனால் அரட்டையில் வேலையற்றவர்கள் என்ற மெல்லிய பழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிராக்கில் அந்தப் பழி இல்லை.

பொருளும் வழக்கும்

அல்ஸ்டர் சிற்றூர் ஒன்றில் காலையில் செய்தித்தாள் வாங்கப் போகிறவரிடம் எதிரே வருபவர் "வாட்ஸ் த கிராக்?" என்பார். 'என்ன கேளிக்கை?' என்று பொருள் கொண்டு பதில் யோசித்தால் அசட்டுத்தனமாகிவிடும். 'என்ன சேதி?' என்பதுதான் கேள்வி. "எனி கிராக்?" என்பதும் அதேதான். வழக்கமான பதில், ஒன்றுமில்லை என்பது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இருவரும் அரைமணி நேரம் அங்கேயே நின்று பேசுவார்கள். அந்த அரைமணி நேரமும் கிராக்தான்.

சேதி, பேச்சு என்ற இந்தப் பொருள்தான் மூத்தது. வடக்கே இன்றும் வலுவாக இருக்கிறது. தெற்கே, குறிப்பாகக் கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில், கேளிக்கை என்ற பொருள் மேலோங்கிவிட்டது. "த கிராக் வாஸ் மைட்டி" என்றால் நேற்று இரவு ஒரே அமர்க்களம் என்று அர்த்தம். "த கிராக் வாஸ் நைன்டி" என்றால் அதற்கும் ஒரு படி மேல். ஏன் தொண்ணூறு என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் ஆங்கிலச் சுட்டிடைச்சொல்லான 'த' முன்னே வந்து ஒட்டிக்கொள்ளும். பன்மை கிடையாது: தண்ணீரை, வெயிலை எண்ண முடியாததுபோல் கிராக்கையும் எண்ண முடியாது.

ஆளுக்கும் இது அடைமொழியாகும். ஒரு பெண்ணை 'குட் கிராக்' என்றால் அவளோடு இருந்தால் பொழுது போவதே தெரியாது என்று பொருள். உம்மணாமூஞ்சியாக மூலையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவனை இளைஞர்கள் 'மைனஸ் கிராக்' என்கிறார்கள். கிராக் இல்லாததோடு, கூட இருப்பவர்களுடைய கிராக்கையும் கழித்துவிடுகிறான் என்பது அந்தக் கணக்கு. 'வாட்ஸ் த கிராக் வித் த கார்?' என்று கேட்டால் அங்கே கேளிக்கையும் இல்லை, சேதியும் இல்லை. வண்டிக்கு என்ன ஆச்சு என்பதுதான். மூன்று மணி நேரம் இழுத்த அலுவலகக் கூட்டத்திலிருந்து வெளியே வந்து, 'கிரேட் கிராக்' என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்வதும் உண்டு.

வெளிநாட்டவர் செய்யும் பிழை, இதைக் குடியோடு முடிச்சுப் போடுவது. மதுக்கடைக்கு முன்பே இந்தச் சொல் அடுப்படிக்குச் சொந்தம். அல்ஸ்டர் கிராமங்களில் குளிர்கால இரவுகளில் ஒரு வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். அடுப்பில் புற்கரி எரியும், கெட்டில் கொதிக்கும், யாரோ ஒருவர் பேய்க்கதையையோ சந்தையில் மாடு விற்ற கதையையோ எடுத்துவிடுவார். இப்படி இரவில் வீடு வீடாகப் போய் உட்காருவதற்கு 'கேலி' என்று பெயர். இன்று நடனக் கூட்டத்தைக் குறிக்கும் அதே சொல்தான். நம்முடைய கேலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நடப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும்.

துக்க வீட்டிலும் கிராக் உண்டு என்றால் நமக்குச் சற்று உறுத்தும். அயர்லாந்தில் இறந்தவரின் உடலை வீட்டில் கிடத்தி, இரவு முழுக்க ஊரார் வந்து போவது நெடுங்கால மரபு. முதலில் கைகுலுக்கல், தணிந்த குரல், ஜெபம். பிறகு தேநீரும் சாண்ட்விச் தட்டுகளும் சுற்றி வரும். யாரோ ஒருவர், இறந்தவர் ஒருமுறை தவறான பேருந்தில் ஏறி எங்கோ போய் இறங்கிய கதையைத் தொடங்குவார். நள்ளிரவில் சமையலறையிலிருந்து சிரிப்பு கிளம்பும். திரும்பிப் போகும் வழியில் ஒருவர் மற்றவரிடம் கிராக் நன்றாக இருந்தது என்றால் அது இறந்தவருக்கு மரியாதைக்குறைவு அல்ல.

சத்தத்திலிருந்து பேச்சுக்கு

வேர்ச்சொல் பழைய ஆங்கிலத்தின் 'கிராகியன்'. 'படார்' என்று கூர்மையாகச் சத்தம் எழுப்புதல் என்பது பொருள். சாட்டை சொடுக்குவது, பனிக்கட்டி உடைவது, காய்ந்த விறகு நெருப்பில் வெடிப்பது எல்லாம் அதில் அடங்கும். ஜெர்மனின் 'கிராகன்', டச்சின் 'கிராகென்' ஆகியவை இதன் உறவுக்காரச் சொற்கள். ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்த குடும்பம். தமிழில் 'சடசட', 'மடமட' போல.

சத்தத்திலிருந்து உரத்த பேச்சுக்குப் போவது ஓர் எட்டுத்தான். இடைக்கால ஆங்கிலத்தில் இச்சொல் உரக்கப் பேசுவதையும் பெருமையடிப்பதையும் குறித்தது. அந்தப் பொருளின் எச்சங்கள் இன்றைய பொது ஆங்கிலத்திலும் சிதறிக் கிடக்கின்றன. நகைச்சுவைத் துணுக்கை எடுத்துவிடுவதை 'கிராக்' செய்வது என்கிறார்கள். குறி தப்பாமல் சுடுபவன் 'கிராக் ஷாட்'. ஊர் மெச்சிப் பேசும் ஆள் என்பது அதன் அடியில் உள்ள எண்ணம். துடுக்கான ஒற்றை வரிப் பதிலுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'வைஸ்கிராக்'.

வடக்கே போகப்போகப் பெருமையடிக்கும் பொருள் உதிர்ந்து, வெறும் உரையாடல் என்பது நின்றது. ஸ்காட்லாந்தில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே அரட்டை, ஊர்ப்பேச்சு என்ற பொருளில் இது எழுத்தில் கிடைக்கிறது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் ஃபெர்குசன் பயன்படுத்தினார். ராபர்ட் பர்ன்ஸ் 1786-இல் வெளியிட்ட தன் முதல் தொகுப்பில் பயன்படுத்தினார். வால்டர் ஸ்காட் 1817-இல் வெளிவந்த 'ராப் ராய்' நாவலில் பாத்திரங்களின் வாயில் வைத்தார். இங்கிலாந்தின் வடகோடியான நார்தம்பர்லாந்திலும் கம்ப்ரியாவிலும் 'வாட்ஸ் த கிராக்?' என்று ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பது இன்றும் சாதாரணம். அயர்லாந்துக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்ததல்ல; அவர்களுடைய பாட்டன் சொத்து.

1980-களின் நடுவில் அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஒரு புதிய போதைப்பொருளின் பெயராகவும் 'கிராக்' வந்து சேர்ந்தது. சூடாக்கும்போது அது சடசடவென்று வெடிப்பதால் வந்த பெயர். ஆக, அதுவும் அந்தப் பழைய ஒலிக்குறிப்பின் வாரிசுதான். நியூயார்க் தெருவில் கிராக் எங்கே கிடைக்கும் என்று கேட்ட அயர்லாந்துக்காரனைப் பற்றிய நகைச்சுவைகளுக்கு இந்த ஒற்றுமை தீனி போட்டது. ஐயும் சியும் கொண்ட எழுத்துக்கூட்டல் ஆங்கிலத்தில் வேகமாகப் பிடித்துக்கொண்டதற்கு, இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும் வசதியும் ஒரு துணைக்காரணமாக இருந்திருக்கலாம்.

அல்ஸ்டர் வழி

ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையில் உள்ள கடல் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர்தான். தெளிவான நாளில் அக்கரை தெரியும். 1606-இல் ஹாமில்டன், மான்ட்கோமரி என்ற இரு ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் டவுன் மாவட்டத்தின் வடபகுதியில் தம் நாட்டவரைக் குடியேற்றத் தொடங்கினார்கள். 1609-இலிருந்து முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அரசே அல்ஸ்டர் குடியேற்றத் திட்டத்தை நடத்தியது. நிலத்தை இழந்தவர்கள் ஐரிஷ் பேசிய கத்தோலிக்கர்கள். வந்தவர்களில் பெரும்பகுதி ஸ்காட்ஸ் மொழி பேசிய, பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த புராட்டஸ்டன்டுகள். அவர்கள் வழியில் உருவான பேச்சு அல்ஸ்டர் ஸ்காட்ஸ் எனப்படுகிறது. கிராக் அவர்களுடைய மூட்டையில் வந்த சொல்.

இங்கே தமிழருக்கு ஒரு தொடர்பு உண்டு. 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதிய ராபர்ட் கால்டுவெல், 1814-இல் இதே அல்ஸ்டரின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில், ஸ்காட்லாந்து வழிவந்த பிரெஸ்பிட்டேரியன் குடும்பத்தில் பிறந்தவர். இடையன்குடிக்கு வந்து சேர்ந்த அந்த மனிதரின் தொட்டில், இந்தச் சொல் அயர்லாந்தில் முதன்முதலில் வேர்விட்ட மண்ணில் ஆடியது.

நீண்ட காலம் கிராக் என்ற சொல் வடக்கைத் தாண்டவில்லை. 1950-இல் 'ஐரிஷ் இண்டிபெண்டன்ட்' நாளிதழ் வட அயர்லாந்து பற்றிய ஒரு வானொலி நிகழ்ச்சியைக் குறிப்பிடும்போது இச்சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்து அச்சிட்டது. டப்ளின் வாசகருக்கு அது வட்டாரச் சொல்லாகவே பட்டிருக்க வேண்டும். டைரோன் மாவட்டத்து ஸ்ட்ராபேனில் பிறந்து டப்ளினில் எழுதிய நாவலாசிரியர் ஃப்ளான் ஓ'பிரையன் ஐரிஷ் மொழியில் கரைகண்டவர். ஐரிஷிலேயே நாவல் எழுதியவர். அவரும் ஆங்கிலத்தில் இச்சொல்லைக் 'கே' போட்டுத்தான் எழுதினார். ஐரிஷ் எழுத்துக்கூட்டல் பழையதாக இருந்திருந்தால் அவருக்குத் தெரியாமல் போயிருக்காது.

ஐரிஷ் இலக்கணத்துக்குள்

அல்ஸ்டரில் ஆங்கிலம் பேசியவரும் ஐரிஷ் பேசியவரும் ஒரே சந்தையில் மாடு விற்றவர்கள். சொல் அந்தப் பக்கம் தாவியது இயல்பு. தாவியபோது நடந்த மாற்றம்தான் இந்தக் கதையில் சுவையான பகுதி.

மரபான ஐரிஷ் நெடுங்கணக்கில் பதினெட்டு எழுத்துகள்தாம். அதில் 'கே' இல்லை. ககர ஒலிக்குச் 'சி' மட்டுமே. மேலும் ஐரிஷில் ஒவ்வொரு மெய்யும் இரண்டு வகையாக ஒலிக்கும்: அகன்றது, மெலிந்தது என்று அவர்களுடைய இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது. மெய் மெலிந்தது என்று காட்ட, அருகில் 'ஐ' அல்லது 'ஈ' எழுத்தை நிறுத்துவார்கள். சொல்லின் கடைசி ககரம் நாக்கை அண்ணத்தின் முன்பக்கம் உயர்த்திச் சொல்லும் மெலிந்த ககரமாக அமைந்தது. அதைக் காட்டத்தான் சிக்கு முன்னால் 'ஐ' வந்தது. எனவே இந்த எழுத்துக்கூட்டல் யாரோ பழமை வேடம் போடுவதற்காகச் செய்த ஒப்பனை அல்ல. ஐரிஷ் மொழி எந்த அயற்சொல்லையும் எழுதும் முறைப்படியே இதையும் எழுதியது. குட்டைச் சட்டையைக் குறிக்கும் ஆங்கில 'ஜாக்கெட்' அங்கே 'ஷகேட்' ஆகி எட்டு எழுத்துகளில் நிற்பதும் இதே முறையில்தான்.

அதோடு நிற்கவில்லை. சொல்லுக்குப் பெண்பால் கிடைத்தது. வேற்றுமை உருபேற்கும் தனி வடிவம் கிடைத்தது. ஐரிஷில் பெண்பால் பெயருக்கு முன் சுட்டிடைச்சொல் வந்தால் முதல் மெய் மென்மையாகும். அதன்படி 'அன்' என்ற சுட்டு முன்னால் வந்தால் ககரம் தொண்டையிலிருந்து எழும் உரசொலியாக மாறி 'அன் ஹ்ராக்' என்று ஒலிக்கிறது. அல்ஸ்டரின் டோனிகால் மாவட்டத்தில் ஐரிஷ் பேசும் ஊர்களில் நலம் விசாரிக்கும் தொடரில் இந்த வடிவம்தான் வரும். பேசுபவர் யோசித்துச் செய்வதில்லை. வாய் தானாகத் திரும்புகிறது. அயலார் வீட்டுப் பெண் மருமகளாக வந்து அந்த வீட்டுச் சமையலைத் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்ட நிலை இது. 1977-இல் வெளிவந்த, டோனிகால்காரரான நீல் ஓ டோனலின் பெரிய ஐரிஷ்–ஆங்கில அகராதியில் சொல் முறையாக இடம்பெற்றுவிட்டது. பொருளாகத் தரப்பட்டிருப்பது உரையாடல், அரட்டை; கேளிக்கை அல்ல.

எழுத்துக்கூட்டலும் பூசலும்

நாடு முழுக்க இந்த வடிவத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது தொலைக்காட்சி. மேற்கு அயர்லாந்தின் கானமாராவைச் சேர்ந்த ஷான் பான் பிரெனக் என்ற அறிவிப்பாளர் 1976 முதல் 1982 வரை தேசிய ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.ஈ.யில் ஐரிஷ் மொழி உரையாடல் நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். பாட்டு, பேச்சு, கிராக் மூன்றும் உண்டு என்று அவர் வழக்கமாகச் சொல்லும் அழைப்பு, ஐரிஷ் தெரியாதவர் வாயிலும் நுழைந்தது. மதுக்கடை வாசல் பலகைகளில் 'கியோல் அகஸ் கிராக்' என்று, அதாவது இசையும் கிராக்கும் என்று, எழுதும் வழக்கம் பரவியது.

எழுத்து மாறிய தடத்தை ஒரே பாட்டில் பார்க்கலாம். ஐல் ஆஃப் மேன் தீவுக்கு விடுமுறை போன டப்ளின் இளைஞர்களைப் பற்றி பார்னி ரஷ் 1960-களில் எழுதிய பாட்டின் தலைப்பிலேயே 'கிராக் வாஸ் நைன்டி' என்ற தொடர் உண்டு. பாடகர் கிறிஸ்டி மூர் 1978-இல் அதைப் பதிவு செய்தபோது எழுத்து 'கே'. த டப்ளினர்ஸ் குழு 2006-இல் பதிவு செய்தபோது ஐரிஷ் எழுத்துக்கூட்டல். பாட்டு அதேதான்.

எல்லாரும் இதை ரசிக்கவில்லை. 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழில் நெடுங்காலம் சொற்களைப் பற்றிப் பத்தி எழுதிய மொழியறிஞர் டியர்மட் ஓ முரிஹ, நல்ல ஆங்கில–ஸ்காட்லாந்துச் சொல்லுக்குக் கேலிக், அதாவது ஐரிஷ், சட்டை மாட்டுவதைக் கண்டால் பல் கூசுகிறது என்ற பொருளில் எழுதினார். புல்லாங்குழல் கலைஞரும் அயர்லாந்து மரபிசைக் களஞ்சியத்தின் பதிப்பாசிரியருமான ஃபின்டன் வாலிலிக்கு வேறு கோபம்: மரபிசையைச் சரக்காக்கி விற்கும் மதுக்கடைகளின் வேலை இது என்றார்.

வாலிலியின் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. 1990-களில் கின்னஸ் ஆலையின் ஊக்கத்தோடு டப்ளின் நிறுவனங்கள் ஐரிஷ் மதுக்கடையையே ஒரு தொகுப்பாக வடிவமைத்து உலகெங்கும் ஏற்றுமதி செய்தன. மர அலமாரி, பழைய விளம்பரப் பலகை, தூசு படிந்த புட்டி எல்லாம் கப்பலில் போய் ஜெர்மனியிலோ துபாயிலோ பொருத்தப்பட்டன. பொருத்த முடியாத ஒன்றுக்குப் பெயர்ப்பலகை தேவைப்பட்டது. கிராக் அங்கே ஏறியது. 1999-இல் ஆஸ்திரேலியாவில் வட அயர்லாந்து நகைச்சுவையாளர் ஜிமோயின் நடித்த திரைப்படத்துக்கே 'த கிராக்' என்று பெயர், ஐரிஷ் எழுத்தில். ஆனால் ஓ முரிஹவின் பல்கூச்சம் ஆங்கில எழுத்துக்கு மட்டும் பொருந்தும். ஐரிஷ் மொழிக்குள் அந்த எழுத்துக்கூட்டலைத் தவிர வேறு எப்படியும் எழுத வழியில்லை.

ஆங்கிலம் பேசுபவர்கள் ஏன் அதை அவ்வளவு ஆசையாகப் பற்றிக்கொண்டார்கள்? 2022 மக்கள்தொகைக் கணக்கில் அயர்லாந்துக் குடியரசில் சுமார் 18.7 லட்சம் பேர் தங்களுக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்றார்கள். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுபவர்கள் 71,968 பேர் மட்டுமே. இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் பெருங்கூட்டத்துக்கு, தினமும் கூச்சமின்றி வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய ஐரிஷ் உருவம் கொண்ட சொற்கள் அதிகமில்லை. கிராக் அப்படி ஒன்று.

இந்த ஆசை எல்லை மீறியும் போயிருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் டேனியல் காசிடி 2007-இல் வெளியிட்ட ஒரு நூல், அமெரிக்கக் கொச்சைச் சொற்களில் ஏராளமானவை ஐரிஷிலிருந்து பிறந்தவை என்று வாதிட்டது. 'ஜாஸ்' உட்பட. மொழியியலாளர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். ஐரிஷ் உண்மையில் ஆங்கிலத்துக்குக் கொடுத்தவை இருக்கும்போது இரவல் பெருமை எதற்கு? ஏராளம் என்ற பொருளில் வரும் 'கலோர்' அதன் கொடை. விஸ்கி, கேலிக் மொழிகள் உயிர்த்தண்ணீர் என்று வைத்த பெயரிலிருந்து வந்தது.

வட அயர்லாந்தில் சொல்லுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. அங்கே ஐரிஷ் மொழி தேசியவாதிகளின் அடையாளமாகவும், அல்ஸ்டர் ஸ்காட்ஸ் பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் ஐக்கியவாதிகளின் அடையாளமாகவும் அரசியலில் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. 1998 பெல்ஃபாஸ்ட் அமைதி ஒப்பந்தம் இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2022-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இரண்டுக்கும் தனித்தனி ஆணையர்களை ஏற்படுத்தியது. ஸ்காட்ஸ் குடியேறிகளின் சொல் ஐரிஷ் உடையில் ஊர்வலம் போவது இந்தப் பின்னணியில் வேடிக்கைதான். பெல்ஃபாஸ்ட்டின் இரு பக்கத்துத் தெருக்களிலும் காலை வணக்கம் அதே சொல்லில்தான் நடக்கிறது. பேச்சில் எழுத்துக்கூட்டல் தெரியாது என்பது வசதி.

கடைசியாகச் சொல் திரும்பவும் கடல் தாண்டியிருக்கிறது. ஐரிஷுக்கு உறவான ஸ்காட்லாந்துக் கேலிக் மொழியில் நண்பரிடம் என்ன சேதி என்று கேட்க 'ஜே தோ ஹ்ராக்?' என்கிறார்கள், ககரம் ஐரிஷில் போலவே உரசொலியாக மாறி. ஸ்காட்ஸ் பேசியவர்கள் நானூறு ஆண்டுகளுக்கு முன் மூட்டையில் கட்டிக்கொண்டு போன சொல், அக்கரையில் கிடைத்த அதே எழுத்துக்கூட்டலோடு இக்கரையில் நிற்கிறது. தெற்கே, இங்கிலாந்தின் நியூகாசிலில், நகரத்தின் இசை, நாடக நிகழ்ச்சிகளைச் சொல்லும் இலவச இதழின் பெயரும் 'த கிராக்'. அவர்கள் 'கே'யை விடவில்லை.